கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள்

என் தந்தை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுத்துக் குடும்பம் நடத்தியவர். வேப்பமரத்தடியில் ஒரு மடக்கு மேசை, கோடு போடாத வெள்ளைத்தாள் கட்டு, கைநாட்டு வைப்பவர்களுக்காக ஒரு மைப்பெட்டி, விரலைத் துடைக்க ஒரு பழந்துணி: அவருடைய அலுவலகம் அவ்வளவுதான். பட்டா, முதியோர் உதவித்தொகை, வாய்க்கால் ஆக்கிரமிப்பு, சுடுகாட்டுப் பாதை என்று ஊர்க்காரர்கள் அழுதுகொண்டு சொல்வதையெல்லாம் அழுகையை நீக்கிவிட்டு எழுதுவார். முதலில் நாம் யார், எந்த ஊர் என்று சொல்ல வேண்டும், பிறகுதான் குறை என்பார். எழுதி முடித்ததும் தவறாமல் ஒன்றைச் சொல்லி அனுப்புவார்: "உள்ளே கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்."

அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஹவாய்த் தீவுகளின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது, 1897ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்கே கையெழுத்து வாங்கப்பட்ட ஒரு மனுவின் பக்கங்களைக் கணினித் திரையில் பார்த்தேன். மேலே ஹவாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த வாசகம். "கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள்" என்றுதான் அதுவும் தொடங்குகிறது. மாவட்டத்தின் பெயரையும் தீவின் பெயரையும் கையால் நிரப்புவதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். அதன் கீழே இரண்டு வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வயது. ஆண்களின் தாள்கள் தனி, பெண்களின் தாள்கள் தனி. ஹவாய்த் தீவுகளை அமெரிக்க ஐக்கிய நாடுகளோடு எந்த வடிவிலும் இணைப்பதை நாங்கள் எதிர்க்கிறோம் என்பதே மனுவின் பொருள். பெறுநர், குடியரசுத் தலைவர் வில்லியம் மெக்கின்லியும் அமெரிக்க செனட் சபையும். கையெழுத்திட்டவர்கள் 21,000 பேருக்கும் மேல். அப்போது ஹவாய்ப் பூர்வகுடி மக்களின் மொத்த எண்ணிக்கை, குழந்தைகளையும் சேர்த்து, சுமார் 40,000.

அமெரிக்கா முதல் உலகப் போரில் நுழைந்ததற்கான காரணம் பள்ளிப் பாடநூலில் ஒரு பத்தியில் வந்து முடிந்துவிடும்: லூசிடானியா என்ற பயணிகள் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது, ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் வரம்பு மீறின, 1917இல் குடியரசுத் தலைவர் வில்சன் போர் அறிவித்தார். அதற்கு முன் அந்த நாடு தன் கரைக்குள் அமைதியாக இருந்தது போலவும், ஐரோப்பாவின் சண்டை அதன் கதவைத் தட்டி எழுப்பியது போலவும் ஓர் எண்ணம் படிப்பவர் மனத்தில் தங்கிவிடுகிறது. எனக்கும் நெடுநாள் அப்படித்தான் தங்கியிருந்தது. அந்த மனுவைப் பார்த்த பிறகுதான், 1898க்கும் 1917க்கும் இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளை வரிசையாக வைத்துப் படிக்கத் தொடங்கினேன். கடல் கடந்து தீவுகளைப் பிடித்ததும், கடல் கடந்து போருக்குப் போனதும் ஒரே பாதையின் இரு கட்டங்கள் என்பது என் முடிவு. அந்தப் பாதை நெடுகிலும் யாராவது ஒருவர் கையில் மனுவோடு நின்றுகொண்டிருந்தார் என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஹவாயின் கதை கரும்பில் தொடங்குகிறது. 1875ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் ஹவாய்ச் சர்க்கரை வரியில்லாமல் அமெரிக்காவுக்குள் போனது. தோட்ட முதலாளிகளாக இருந்த வெள்ளையர்கள் பெரும் செல்வர்கள் ஆனார்கள். 1887இல் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது முத்துத் துறைமுகத்தைப் பயன்படுத்தும் தனியுரிமை அமெரிக்கக் கடற்படைக்குப் போனது. அரசி லிலியுவோகலானி, முதலாளிகளின் கையிலிருந்து அதிகாரத்தை மீட்கப் புதிய அரசமைப்பு ஒன்றைக் கொண்டுவர முயன்றதும், 1893 ஜனவரி 17 அன்று அவர் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. பாஸ்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து இறங்கிய 162 வீரர்கள் அரண்மனைக்கு அருகே நிறுத்தப்பட்டிருந்தார்கள். அவர்கள் ஒரு தோட்டாவும் சுடவில்லை. நின்றதே போதுமானதாக இருந்தது.

அன்று அரசி எழுதிக் கொடுத்த பணிவுக் கடிதத்தை மனு எழுதுபவரின் மகனாக நான் மிகவும் வியந்து படித்தேன். தம்மைக் கவிழ்த்த உள்ளூர்க் கூட்டத்துக்குத் தாம் பணிவதாக அவர் எழுதவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேலான படைபலத்துக்குத்தான் பணிவதாகவும், உண்மைகளை ஆராய்ந்து அந்த அரசு தம்மை மீண்டும் அமர்த்தும் வரை மட்டுமே அது செல்லும் என்றும் எழுதினார். தோற்கும் நேரத்திலும் பெறுநர் யார் என்பதில் அவர் தவறவில்லை. அப்போதைய குடியரசுத் தலைவர் கிளீவ்லாந்து விசாரணைக்கு ஆள் அனுப்பி, நடந்தது தவறு என்று ஒப்புக்கொள்ளவும் செய்தார். ஆயினும் அரியணை திரும்பவில்லை. 1895இல் அரசியை அவருடைய அரண்மனையிலேயே ஓர் அறையில் சிறை வைத்தார்கள்.

1897இல் மெக்கின்லி இணைப்பு ஒப்பந்தத்தைச் செனட்டுக்கு அனுப்பினார். ஹவாய் நாட்டுப்பற்றாளர் சங்கத்தைச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் தீவு தீவாகச் சென்று கையெழுத்து வாங்கியது அதன் பிறகுதான். அதை எடுத்துக்கொண்டு நான்கு பேர் அந்தக் குளிர்காலத்தில் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தார்கள். மாசசூசெட்ஸ் செனட்டர் ஜார்ஜ் ஹோர் மனுவை அவையில் முன்வைத்தார். ஒப்பந்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 60 வாக்குகள் வேண்டும். 1898 பிப்ரவரியில் 46 பேர்தான் ஆதரவாக இருந்தார்கள். மனு வென்றுவிட்டது என்று நான்கு பேரும் ஊர் திரும்பினார்கள்.

அந்த மாதம் 15ஆம் தேதி இரவு கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் மெயின் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து மூழ்கியது. சுமார் 260 மாலுமிகள் இறந்தார்கள். கியூபா அப்போது ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெறப் போராடிக்கொண்டிருந்தது. அங்கே ஸ்பெயின் தளபதிகள் கிராமத்து மக்களை முள்வேலி முகாம்களில் அடைத்து ஆயிரக்கணக்கில் சாகவிட்டது உண்மை, அதைக் கண்டு அமெரிக்க மக்கள் கொதித்ததும் நியாயமே. கடற்படையின் விசாரணை, கப்பலுக்கு வெளியே கண்ணிவெடி வெடித்தது என்று கூறியது. ஸ்பெயின்தான் வைத்தது என்று நாளேடுகள் தீர்ப்பு எழுதின. பிற்காலத்தில், 1976இல் அட்மிரல் ரிக்கோவர் நடத்திய ஆய்வு, வெடிமருந்து அறையை ஒட்டியிருந்த நிலக்கரிக் கிடங்கில் தானாகப் பற்றிய தீயே காரணமாயிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. 1898 ஏப்ரலிலோ அதைக் கேட்கும் நிலையில் யாரும் இல்லை. போர் மூண்டது. கியூபாவை நாங்கள் எங்களுடையதாக்கிக்கொள்ள மாட்டோம் என்று அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு திருத்தத்தின் மூலம் உறுதியளித்தது. ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த இன்னொரு நாடான பிலிப்பைன்ஸைப் பற்றி அப்படி ஓர் உறுதி யாரும் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

மே 1 அன்று அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் டூயியின் கப்பற்படை மணிலா விரிகுடாவில் ஸ்பெயினின் கப்பல்களை அழித்தது. பசிபிக் கடலைக் கடக்க நிலக்கரி நிரப்பும் நிலையம் வேண்டும் என்ற வாதம் உடனே எழுந்தது. ஹவாயை இணைக்க மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காத அதே செனட்டில் இப்போது வழி வேறாக இருந்தது: ஒப்பந்தம் என்று கொண்டுவராமல் இரு அவைகளின் கூட்டுத் தீர்மானம் என்று கொண்டுவந்தால் சாதாரணப் பெரும்பான்மையே போதும். செனட்டில் 42க்கு 21 என்று நிறைவேறியது. ஜூலை 7 அன்று மெக்கின்லி கையெழுத்திட்டார். ஆகஸ்ட் 12 அன்று ஹொனலூலுவில் ஹவாய்க் கொடி இறக்கப்பட்டது. மனுவை யாரும் மறுத்து எழுதவில்லை. அது செல்லாது என்றும் சொல்லவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள், அவ்வளவே. தாலுகா அலுவலகப் படிகளில் வளர்ந்தவனுக்கு இது புதிய செய்தி அல்ல. ஆயினும் ஒரு நாடே அப்படிப் போனதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

பிலிப்பைன்ஸில் நடந்ததை இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே ஸ்பெயினுக்கு எதிரான புரட்சி 1896இலேயே தொடங்கிவிட்டது. நாடு கடந்திருந்த தலைவர் எமிலியோ அகினால்டோவை ஹாங்காங்கிலிருந்து அமெரிக்கக் கப்பலே 1898 மே மாதம் திரும்பக் கொண்டுவந்து இறக்கியது. ஜூன் 12 அன்று கவிட் என்ற ஊரில் தம் வீட்டிலிருந்து அவர் விடுதலையை அறிவித்தார். அன்று ஏற்றப்பட்ட கொடியை ஹாங்காங்கில் மார்செலா அகொன்சில்லோ என்ற பெண்மணி, தம் மகளையும் இன்னொரு பெண்ணையும் துணைக்கு வைத்துக்கொண்டு தைத்துக் கொடுத்திருந்தார். அந்தக் கொடி வாஷிங்டனுக்கும் பாரிஸுக்கும் தேவைப்படவில்லை. மணிலா நகரைச் சுற்றி வளைத்திருந்தது பிலிப்பினோக்களின் படை. ஸ்பெயின் தளபதியோ அவர்களிடம் சரணடைய விரும்பாமல் அமெரிக்கர்களோடு பேசி ஒரு நாடகச் சண்டைக்கு ஏற்பாடு செய்துகொண்டார். ஆகஸ்ட் 13 அன்று அந்தச் சண்டை நடந்து நகரம் அமெரிக்கர் கைக்கு மாறியது. பிலிப்பினோ வீரர்களை நகருக்குள் விடவில்லை. வாஷிங்டனில் போர்நிறுத்தம் கையெழுத்தானது முந்தைய நாள். மணிலாவிலிருந்து ஹாங்காங் செல்லும் கடலடித் தந்திக் கம்பியை டூயி மே மாதமே அறுத்திருந்ததால் அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

மார்செலாவின் கணவர் ஃபெலிப்பே அகொன்சில்லோ ஒரு வழக்கறிஞர். புதிய குடியரசின் தூதராக அவர் அக்டோபரில் வாஷிங்டன் சென்று மெக்கின்லியைச் சந்தித்தார். தூதர் என்ற தகுதியில் அல்ல, தனிமனிதராக. அங்கிருந்து பாரிஸ் சென்றார். அமெரிக்காவும் ஸ்பெயினும் தம் நாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அறைக்குள் அவருக்கு இடமில்லை. டிசம்பர் 10 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது: போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் அமெரிக்காவுக்கு, பிலிப்பைன்ஸும் அமெரிக்காவுக்கு, ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர். அந்தத் தீவுகளில் வாழும் மக்களின் குடிமை உரிமைகளையும் அரசியல் நிலையையும் அமெரிக்கக் காங்கிரஸ் முடிவு செய்யும் என்று ஒன்பதாவது பிரிவு கூறியது. அகொன்சில்லோ அதை எதிர்த்து ஒரு நீண்ட முறையீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு மீண்டும் வாஷிங்டன் போனார். தம்மிடம் இல்லாத உரிமையை ஸ்பெயின் எப்படி விற்க முடியும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். வாதத்தில் பிழை ஏதுமில்லை. பதில்தான் இல்லை.

1899 பிப்ரவரி 4 இரவு மணிலாவின் எல்லையில் ஒரு அமெரிக்கக் காவல் வீரர் சுட்டதிலிருந்து போர் மூண்டது. இரண்டு நாள் கழித்து செனட் அந்த ஒப்பந்தத்தை 57க்கு 27 என்று ஏற்றது. தேவையானதை விட ஒரே ஒரு வாக்கு கூடுதல். அமெரிக்காவிலேயே இதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் இருந்தார்கள் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாஸ்டன் நகரில் ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகம் உருவானது. இரும்பு வணிகர் ஆண்ட்ரூ கார்னகி, தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் ஆகியோர் அதில் நின்றார்கள். ஹோர் தம் சொந்தக் கட்சியையே எதிர்த்துப் பேசினார். ஆனால் எதிர்த்தவர்கள் அனைவரும் பிலிப்பினோ மக்களின் உரிமைக்காகவே எதிர்த்தார்கள் என்று கொள்ளக் கூடாது. வேறு நிறத்தவர்கள் நம் குடியரசுக்குள் வந்துவிடுவார்களே என்ற வெறுப்பில் எதிர்த்த தென்மாநிலத்தாரும் அந்த அணியில் இருந்தார்கள். நல்ல முடிவின் பக்கம் கெட்ட காரணத்தோடு நின்றவர்களையும் வரலாறு பதிவு செய்யத்தான் வேண்டும்.

அந்தப் போரில் அமெரிக்கர் 4,200 பேர் இறந்தார்கள். பிலிப்பினோ வீரர்கள் சுமார் 20,000 பேர். போராலும் பஞ்சத்தாலும் காலராவாலும் மாண்ட பொதுமக்கள் 2 லட்சம் வரை இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பிடிபட்டவர்களைப் படுக்கவைத்து வாயில் நீரை ஊற்றி வயிறு வீங்கச் செய்து உண்மை கறக்கும் கொடுமைக்கு வீரர்கள் 'நீர் வைத்தியம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். 1902இல் செனட் குழு முன்பு வீரர்களே அதைச் சாட்சியமாகச் சொன்னார்கள். 1901 செப்டம்பர் 28 அன்று சாமர் தீவின் பலாங்கிகா என்ற சிற்றூரில், கிராமத்தார் காலைச் சாப்பாட்டு நேரத்தில் அமெரிக்க முகாமைத் தாக்கி 48 பேரைக் கொன்றார்கள். அதற்குப் பழிவாங்க வந்த ஜெனரல் ஜேக்கப் ஸ்மித், ஆயுதம் ஏந்தக்கூடிய எவரையும் கொல்லுமாறு கட்டளையிட்டார். ஏந்தக்கூடிய வயது எது என்று கேட்டதற்குப் பத்து என்று சொன்னார். இராணுவ நீதிமன்றம் அவரைக் கண்டித்தது. ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பலாங்கிகா தேவாலயத்தின் மூன்று மணிகளை வெற்றிச் சின்னமாக அமெரிக்க வீரர்கள் எடுத்துப் போனார்கள். அவற்றைத் திருப்பித் தாருங்கள் என்று பிலிப்பினோக்கள் பல பத்தாண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2018 டிசம்பரில்தான் மணிகள் ஊர் வந்து சேர்ந்தன.

போர்ட்டோ ரிக்கோவின் நிலை ஆரஞ்சுப் பழத்தால் முடிவானது. அங்கிருந்து நியூயார்க்கில் இறங்கிய ஆரஞ்சுக்குச் சுங்கம் கேட்டார்கள். அது அமெரிக்காவின் பகுதி என்றால் சுங்கம் ஏன் என்று வணிகர் வழக்குப் போட்டார். 1901இல் உச்ச நீதிமன்றம் ஒரே வாக்கு வித்தியாசத்தில், அந்தத் தீவு அமெரிக்காவுக்குச் சொந்தமானது, ஆனால் அமெரிக்காவின் பகுதி அல்ல என்ற பொருளில் தீர்ப்புக் கூறியது. அரசமைப்பின் எல்லா உரிமைகளும் கொடியின் பின்னாலேயே போய்விடாது என்பது அதன் விளைவு. வீட்டுக்குள் இருக்கலாம், ஆனால் குடும்ப அட்டையில் பெயர் இல்லை என்று நம் வழக்கில் சொல்லலாம்.

இங்கிருந்து 1917க்குப் போகும் பாதை நேரானது. கையில் தீவுகள் வந்ததும் அவற்றுக்குப் போக வழி வேண்டும், வழிக்குக் கால்வாய் வேண்டும், கால்வாய்க்குக் காவல் வேண்டும். கொலம்பியாவிலிருந்து பனாமா பிரிய 1903இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் துணை நின்றன. கால்வாய் 1914 ஆகஸ்ட் 15 அன்று திறந்தபோது ஐரோப்பாவில் போர் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. கால்வாயின் வாசலாகிய கரீபியன் கடலில் ஜெர்மனி கால் வைத்துவிடும் என்ற அச்சம் அமெரிக்கக் கடற்படையை விடாமல் பிடித்திருந்தது. 1915 ஜூலையில் ஹெய்ட்டியில் படை இறங்கியது. 1916இல் டொமினிக்கன் குடியரசில் இறங்கியது. டென்மார்க்கிடமிருந்து மூன்று தீவுகளை 2.5 கோடி டாலர் தங்கத்துக்கு வாங்கினார்கள். விற்கலாமா என்று டென்மார்க் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. தீவு மக்களுக்கு அதில் வாக்கில்லை. அவர்கள் தாங்களாகவே நடத்திய வாக்கெடுப்பில் பெரும்பாலும் மாற்றத்தை ஆதரித்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அமெரிக்கக் குடியுரிமை அவர்களுக்கு 1927இல்தான் வந்தது.

ஒரு மனிதரின் பணிப் பதிவேட்டைப் பார்த்தாலே இந்தப் பாதை விளங்கிவிடும். ஜான் பெர்ஷிங் 1898இல் கியூபாவின் சான் ஹுவான் குன்றில் போரிட்டார். பிறகு பிலிப்பைன்ஸின் மிண்டனாவோவில் முஸ்லிம் மோரோக்களை அடக்கினார். 1916இல் மெக்சிகோவின் புரட்சித் தலைவர் பான்ச்சோ வில்லாவைத் தேடி அந்த நாட்டுக்குள் படை நடத்தினார். 1917இல் பிரான்சுக்குச் சென்ற அமெரிக்கப் படை முழுவதற்கும் தலைவர் ஆனார்.

போருக்கான உடனடிக் காரணங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1915 மே 7 அன்று லூசிடானியா மூழ்கியதில் இறந்த சுமார் 1,200 பேரில் 128 பேர் அமெரிக்கர். 1917 பிப்ரவரி 1 முதல் ஜெர்மனி எந்தக் கப்பலையும் எச்சரிக்காமல் தாக்கும் என்று அறிவித்தது. இன்னொரு பக்கம், பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் அமெரிக்க வங்கிகள் கொடுத்திருந்த கடன் 200 கோடி டாலரைத் தாண்டியிருந்தது, ஜெர்மனிக்குக் கொடுத்தது 3 கோடியையும் எட்டவில்லை; கடன் கொடுத்தவருக்குக் கடன் வாங்கியவரின் தோல்வியில் தூக்கம் வராது. ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மான் மெக்சிகோவுக்கு அனுப்பிய தந்தியோ பழைய வினையையே கிளறியது: போர் வந்தால் எங்களோடு சேருங்கள், டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை மீட்டுக்கொள்ள உதவுகிறோம் என்றது அது. எழுபது ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோ இழந்த நிலம் அது. பெர்ஷிங்கின் படை மெக்சிகோவை விட்டு வெளியேறிய சில வாரங்களில், மார்ச் 1 அன்று, அந்தத் தந்தி நாளேடுகளில் வெளியானது.

அந்த வசந்த காலத்தின் தேதிகளை நான் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். மார்ச் 2: போர்ட்டோ ரிக்கோ மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை, 1914இலேயே அவர்களுடைய பிரதிநிதிகள் சபை ஒருமனதாக அதை வேண்டாம் என்று எழுதி அனுப்பியிருந்தது. மார்ச் 31: டேனிஷ் தீவுகளில் கொடி மாற்றம். ஏப்ரல் 2: காங்கிரஸ் முன் வில்சனின் உரை. உலகம் மக்களாட்சிக்குப் பாதுகாப்பான இடமாக்கப்பட வேண்டும் என்று அதில் சொன்னார். ஓர் அதிகாரத்துக்குக் கீழ்ப்படிபவர்களுக்குத் தங்கள் ஆட்சியில் குரல் இருக்கும் உரிமைக்காகவும், சிறு நாடுகளின் உரிமைக்காகவும் போரிடுவோம் என்றார். ஏப்ரல் 4 அன்று செனட் 82க்கு 6, ஏப்ரல் 6 அன்று பிரதிநிதிகள் சபை 373க்கு 50. நெப்ராஸ்கா செனட்டர் நாரிஸ், அமெரிக்கக் கொடியின் மேல் டாலர் குறியைப் பொறிக்கப் போகிறோம் என்று எச்சரித்தார். காங்கிரசின் முதல் பெண் உறுப்பினர் ஜெனட் ராங்கின், பதவியேற்ற அதே வாரத்தில் போருக்கு எதிராக வாக்களித்தார். மே மாதம் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் வந்தது. போர்ட்டோ ரிக்கோவின் இளைஞர்களும் ஆயிரக்கணக்கில் அதன் கீழ் அழைக்கப்பட்டார்கள். ஜூன் மாதம் ஹெய்ட்டியில், அமெரிக்கர் விரும்பிய அரசமைப்பை ஏற்க மறுத்த தேசியப் பேரவையை அமெரிக்க அதிகாரி ஸ்மெட்லி பட்லரின் காவற்படை கலைத்தது.

வில்சன் பொய் சொன்னார் என்று நான் எழுத மாட்டேன். அவர் அந்தச் சொற்களை நம்பினார் என்றே அவருடைய உரைகளைப் படிக்கும் எனக்குத் தோன்றுகிறது. யாரைப் பற்றி அவற்றைச் சொல்கிறோம் என்ற வரம்பு அவர் மனத்தில் இருந்தது. கேட்டவர்களுக்கு அந்த வரம்பு தெரியாது. அவர்கள் சொல்லை அதன் முழு அகலத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

அப்படி எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் சென்னையில் இருந்தார். மதுரையில் பிறந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதிப் பொறுப்பைத் தற்காலிகமாக வகித்த முதல் இந்தியரான சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், மணி ஐயர் என்று அறியப்பட்டவர், அப்போது எழுபத்து நான்கு வயதில் சுயாட்சி இயக்கத்தின் கௌரவத் தலைவராக இருந்தார். 1917 ஜூனில் அன்னி பெசன்ட் அம்மையாரைச் சென்னை அரசு காவலில் வைத்த சில நாட்களில், அம்மாதம் 24ஆம் தேதி, அவர் நேராக வில்சனுக்கே ஒரு கடிதம் எழுதினார். போர் தொடங்கிய ஆண்டிலேயே எம்டன் கப்பலின் குண்டுகளைப் பார்த்த நகரத்திலிருந்து எழுதப்பட்ட கடிதம் அது. அன்னியர் ஆட்சியில் இந்தியர் படும் நிலையை நீதிபதிக்குரிய நிதானத்தோடு விளக்கி, சுயாட்சி உடனே வாக்களிக்கப்பட்டால் மூன்றே மாதத்தில் 50 லட்சம் பேரைப் போர்முனைக்கு இந்தியா அனுப்பும் என்று எழுதினார். பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஓர் அமெரிக்கத் தம்பதியர் அதைக் கடல் கடந்து எடுத்துச் சென்றார்கள். அடுத்த ஆண்டு, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தியா அமைச்சர் மாண்டேகு அதை இழிவான கடிதம் என்று கண்டித்தார். ஐயர் தம் சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார்.

மனுவின் இலக்கணம் தெரிந்தவருடைய கடிதம் அது. பெறுநர் சொன்ன சொல்லையே எடுத்து அவர் முன் வைத்துக் கேட்பதுதான் மனுவின் மிகப் பெரிய பலம் என்று என் தந்தை சொல்வார். அரசாணை எண்ணைத் தேடிப் பிடித்து மேற்கோள் காட்டுவார். ஐயர் வில்சனின் உரையையே அரசாணையாக எடுத்துக்கொண்டார்.

போர் 1918 நவம்பரில் முடிந்தது. அமெரிக்கர் சுமார் 1,16,000 பேர் இறந்திருந்தார்கள், பாதிக்கு மேல் நோயால். 1919இல் பிலிப்பைன்ஸிலிருந்து மானுவேல் கெசோன் தலைமையில் ஒரு தூதுக் குழு விடுதலை கேட்டு வாஷிங்டன் வந்தபோது வில்சன் பாரிஸில் சமாதானம் பேசிக்கொண்டிருந்தார். போர்த்துறைச் செயலர் அவர்களை மரியாதையாக வரவேற்றார். 1920 டிசம்பரில், பதவியின் கடைசி நாட்களில், பிலிப்பைன்ஸுக்கு விடுதலை கொடுத்துவிடலாம் என்று வில்சனே காங்கிரசுக்கு எழுதினார். குடியரசுத் தலைவரின் அந்த வேண்டுகோளும் முந்தைய மனுக்கள் போன இடத்துக்கே போனது. விடுதலை 1946 ஜூலை 4 அன்று கிடைத்தது.

ஹவாய் மனு மட்டும் அழியாமல் இருந்தது. வாஷிங்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் நூறாண்டுக் காலம் அது கிடந்ததை ஹவாயிலேயே பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை. 1996இல் நோயெனோய் சில்வா என்ற ஹவாய் ஆய்வாளர் அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்த்தார். படிகள் ஊர் வந்து சேர்ந்ததும், தீவுகளெங்கும் குடும்பங்கள் அந்தத் தாள்களில் தங்கள் முன்னோரைத் தேடின. வீட்டில் யாரும் பேசாத ஒரு செய்தியைப் பேத்திகளும் கொள்ளுப்பேரன்களும் முதன்முறையாகத் தெரிந்துகொண்டார்கள். நானும் எந்த உறவும் இல்லாத அந்தப் பெண்களின் பக்கங்களைத் திரையில் பெரிதாக்கி ஓர் இரவு முழுவதும் படித்துக்கொண்டிருந்தேன். மேலே ஊரின் பெயர், கீழே பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே வயது.